இந்தக் கேமரா போதும்

லிரா,
ஜூன் 14

அன்புள்ள அவோரின் அப்பாவுக்கு,

உங்கள் அபியோ எழுதுவது. நானும் மகளும் நலம். அந்த நாட்டில் வெயில் ஏறிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மருத்துவமனை வாசலில் காவல் நிற்கும்போது தலைக்குத் துணி போட்டுக்கொள்ளுங்கள். அவோருக்கு முன்பல் விழுந்துவிட்டது. மலக்வாங் கீரையைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் மெல்லுகிறாள்.

நம் ஸ்டூடியோவுக்கு ஒரு நல்ல வேலை வந்தது. காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் சைகைப் புத்தகம் போடுகிறார்கள். நூற்றிருபது சொற்கள், சொல்லுக்கு ஒரு படம். நீங்கள் விட்டுப்போன கேமராவோடு போனேன். வெளியே விடாத மழை, வகுப்பறையிலோ சின்ன ஜன்னல். ஃபிளாஷ் போட்டால் எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கிறார்கள். அங்கே மணிக்குப் பதில் விளக்கைத்தான் அணைத்துப் போடுவார்களாம். கையை அசைக்காமல் வைக்கச் சொன்னால் பொம்மைக் கை போல விறைத்துவிடுகிறது. கடைசியில் அசையும் கைகளையே, அந்த மங்கல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தேன்.

அகுல்லோ டீச்சருக்கும் காது கேட்காது. படங்களைப் பார்த்து அவர் சைகையில் சொன்னதைப் பக்கத்திலிருந்த டீச்சர் எனக்குச் சொன்னார். "இது 'அம்மா' இல்லையாம். புகை மாதிரி இருக்குதாம். இதப் பாத்து எந்தப் புள்ள கத்துக்கும்னு கேக்குறாங்க."

எனக்குத் தலை நிமிரவில்லை. அடுத்தவன் வைத்திருக்கிறான் என்று கேமராவை மாற்றாதே, வேலை நின்றுபோனால் மாற்று என்று கிளம்பும்போது சொன்னீர்கள். அந்தப் பேச்சை வைத்துத்தான் இத்தனை நாளும் எதிர் ஸ்டூடியோக்காரன் ஒமாராவின் புதுக் கேமராக்களைப் பார்க்காதது போல் இருந்தேன். இப்போது வேலை நின்றேவிட்டது. வெட்கத்தை விட்டு அவனிடமே போய்க் கேட்டேன். நம் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்குப் பேரன் பேத்தியே வந்தாச்சு அண்ணி. ஆனா கண்ணு நல்லாத்தான் இருக்கு, கண்ணாடிய மட்டும் மாத்துங்க" என்று, வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் தன் லென்ஸைக் கழற்றிக் கொடுத்தான். "சனிக்கிழமை நான் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கணும், அதுக்குள்ள வந்துரணும். கீழ போட்டீங்கன்னா, அண்ணன் வந்துதான் பஞ்சாயத்துப் பண்ணணும்."

நான்கு நாளில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன். நகத்தில் ஒட்டிய சாக்பீஸ் தூள்கூடத் தெரிந்தது. அகுல்லோ டீச்சர் 'அம்மா' படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கையே அந்தச் சைகையைச் செய்தது. பின்வரிசையில் ஒரு சிறுமி அதைப் பார்த்துத் தானும் செய்தாள். அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

அதே மாதிரி லென்ஸ் ஒன்று பழையதாகக் கிடைத்து வாங்கிவிட்டேன். ஒமாராவே தலைநகர் கம்பாலாவுக்குப் பஸ் ஏறிப்போய்ச் சோதித்து வாங்கி வந்தான். போட்டிக்காரன் என்று இத்தனை வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டேனே என்று இருக்கிறது.

அங்கேயே இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டால் எனக்குப் புதுக் கேமரா வாங்கிவிடலாம் என்று போன கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மனதுக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவள். ஆனால் இந்தக் கேமரா போதும். கல்யாணம், ஞானஸ்நானம், ஓடும் பிள்ளைகள், எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிகிறது. கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த வருடம் எத்தனையோ குடும்பங்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டேன். நீங்கள் வந்ததும் நம் மூவரையும் ஒமாரா எடுப்பானாம். கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்,
அபியோ