நிப்பாட்ட வேண்டிய நிமிடம்

நேற்றுப் பின்னேரம் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. பாடசாலை விடுமுறை, வீட்டில் நான் மட்டும். தொலைக்காட்சி கறுத்ததும் என் கை தன்பாட்டில் பேனையைத் தேடியது. பழைய விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ‘ஒரு மணி இருபத்திரண்டு’ என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான், அனுப்புவதற்கு நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஏழு மாதமாகிறது. கைக்கு இன்னும் தெரியவில்லை.

இருட்டிய பெட்டியைப் பார்த்தபடி இருந்தேன். எங்களுக்கு அது புதிதல்லவே. இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்த நாட்களில், வீடியோ டெக் வைத்திருந்த ஒரு மாமாவின் முற்றத்தில் சனிக்கிழமைகளில் படம் ஓடும். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு சின்னப் போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டும். அதில்தான் ஜெனரேற்றர் ஓடும். அந்த எண்ணெய் ஒருநாளும் கடைசிவரை காணாது. சண்டை தொடங்குகிற நேரமாகப் பார்த்து மெசின் இருமும், பெட்டி அணையும். மாமா எழும்பி நின்று, “கதாநாயகன் வெண்டிட்டான், எல்லாரும் வீட்ட போங்கோ” என்பார். மறுநாள் மிச்சத்தைப் பார்க்கலாம் என்றால் கசெற் அடுத்த ஊரான மல்லாவிக்குப் போயிருக்கும்.

ஆகவே முடிவுகளை நாங்களே சொல்லிக்கொண்டோம். வீட்டுக்கு நடக்கும் வழியில் நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்று சொல்வாய். நான் எப்போதும் யாரையாவது சாகடிப்பேன். அப்படி முடிந்தால்தான் நல்ல படம் என்று அந்த வயதில் எனக்கு ஒரு எண்ணம். உன் முடிவில் எல்லாரும் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுவார்கள், வில்லன்கூட. “அவனுக்கும் பசிக்குந்தானேடி” என்றாய் ஒருநாள்.

பிறகு, போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் ஒரு காலை, உன் அண்ணன் பிளாஸ்ரிக் கலனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனார். “இந்தா வாறன்” என்றுதான் சொன்னாராம். வரவில்லை. அவர் இறந்ததைக் கண்டவர்களும் இல்லை. மீளக்குடியேறி வீடு கட்டியதும், அவருடைய புகைப்படத்தை அலுமாரியின் மேல் உன் கலியாணப் படத்துக்கும் மகளின் பள்ளிக்கூடப் படத்துக்கும் நடுவில் வைத்தாய். உயிரோடு இருப்பவர்களின் வரிசை அது. ஒருமுறை உன் மாமி ஒரு செவ்வரத்தம்பூவைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைக்க, நீ அதை எடுத்து உன் தலையில் செருகிக்கொண்டாய்.

படத்தில் ஒருவர் சாவதை அதற்குப் பிறகு உன்னால் பார்க்க முடியவில்லை. படம் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. எங்கள் வழக்கம் அப்படித்தான் உண்டானது. முதலில் நான் பார்ப்பேன். “கடைசியில ஆரும் சாகினமோ?” என்று கேட்பாய். சாகிறார்கள் என்றால், எந்த நிமிடத்தில் நிப்பாட்ட வேண்டும் என்று எழுதி அனுப்புவேன். நீ அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, உன்னுடைய முடிவைக் குரல்பதிவாக அனுப்புவாய். அதில் எல்லாரும் வழக்கம்போலச் சோறு சாப்பிடுவார்கள்.

உன் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் வவுனியா ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போகத் தொடங்கியபின் இது இன்னும் அவசியமாயிற்று. நாலு மணித்தியாலம் ஒரு கையை அசைக்காமல் படுத்திருப்பாய், மற்றக் கையில் தொலைபேசி. “நாலு நாள் பட்டினி கிடந்தவளாம், உதட்டுச்சாயம் அழியேல்ல. அந்தச் சாயம் எங்க வாங்கலாமெண்டு கேட்டுச் சொல்லடி” என்று ஒரு பதிவு. ஒரு போர்ப் படத்தின் பங்கர்க் குழியைப் பார்த்துவிட்டு, “அதுக்குள்ள கதிரை மேசை போட்டு ரியூசன் குடுக்கலாம்” என்று நீ சிரித்ததில் கை ஆடி, தாதி ஏசுவதும் சேர்ந்து பதிவாகியிருந்தது. நான் ஒளியைப் பற்றியும் கமராவைப் பற்றியும் பெரிதாகச் சொன்னால், “உனக்குக் கமரா தெரியுது, அந்த மனிசி சோத்தை வடிக்காமல் இறக்கினது தெரியேல்லையோ?” என்பாய். நான் திரும்பப் போய்ப் பார்ப்பேன். வடிக்காமல்தான் இறக்கியிருப்பாள்.

இனி எழுதப்போவதை நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நான் உனக்குக் கடைசியாகத் தெரிவுசெய்த படம், கடற்கரையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. கடலுக்குப் போன தம்பிக்காக அவள் வருடக்கணக்காய்க் காத்திருக்கிறாள். தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் மேசையில் குவிந்து கிடந்தன. கடைசிப் பகுதியில், தூரத்தில் ஒருவன் கடற்கரையோரமாக நடந்து வருகிறான், அவள் கையிலிருந்த கேத்திலை வைத்துவிட்டு எழும்புகிறாள். அவ்விடத்தில் நான் நிறுத்திவிட்டேன். தம்பி வந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். மெசின் நின்ற இடத்தில் முடிவை நாமே சொல்லிப் பழகியவர்கள் அல்லவா? அன்று நான் சொல்லிக்கொண்டது உன்னுடைய முடிவை. ‘ஒருவரும் சாகவில்லை, கடைசிவரை பார்’ என்று எழுதி அனுப்பிவிட்டு விடைத்தாள்களைத் திருத்தப் போனேன்.

மூன்று நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சின்னக் குரல்பதிவு. “பாத்தன்டி. கடைசிவரை பாத்தன். நல்ல படம்.” பகிடி இல்லை, சோற்றுக் கதை இல்லை. உடம்பு ஏலாமல் இருக்கிறாயாக்கும் என்று நினைத்தேன். அடுத்த கிழமை உன் மகள் அழைத்தபோது, நீ போய்விட்டாய்.

செத்தவீட்டுக்கு வந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது உன் அண்ணனின் புகைப்படம். அது சாமிப்படத் தட்டின் கீழ், உங்கள் அம்மா அப்பாவின் படங்களோடு இருந்தது. நந்தியாவட்டை மாலை போட்டிருந்தது. பூ வாடி நாலைந்து நாளாகியிருக்கும். நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு உன் மகள் பக்கத்தில் வந்தாள்.

“அம்மாதான் கட்டிப் போட்டவா, அன்ரி. நீங்க அனுப்பின படத்தின்ர கடைசியை மூண்டு தரம் பாத்தவா. முடிவு உங்களுக்குத் தெரியுமாம், தெரிஞ்சுதான் நிப்பாட்டச் சொல்லாம அனுப்பினீங்களாம். வேற ஒருத்தருக்கும் அந்தத் துணிவு வராதெண்டு சொன்னவா.”

நான் தலையாட்டினேன். அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்துதான் அந்த மிச்சப் பன்னிரண்டு நிமிடத்தைப் பார்த்தேன். நடந்து வந்தவன் தம்பி இல்லை. தம்பியின் சேட்டு ஒன்றைக் கொண்டுவந்த வேறொருவன். அவள் அதை வாங்கித் தோய்த்துக் காயப்போடுகிறாள். விளக்குக் கொளுத்துகிறாள். பிறகு உலையில் அரிசி போடுகிறாள். நீ இதை அந்தக் கட்டிலில், ஒரு கையை அசைக்காமல் பார்த்திருக்கிறாய். மற்றக் கையில் தொலைபேசி. கண்ணை எதனால் துடைத்திருப்பாய்?

நான் துணிவோடு அனுப்பவில்லை. நான் முழுக்கப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருடம் நீ கைவிடாமல் வைத்திருந்த ஒன்றை என் அவசரம் உன்னிடமிருந்து பறித்ததா, அல்லது நீயே இறக்கி வைக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தாயா? அந்த வாடிய மாலை எனக்கு ஒரு நாள் ஒன்றைச் சொல்கிறது, மறுநாள் மற்றதைச் சொல்கிறது. கேட்கக்கூடிய ஆள் நீ மட்டும்தான். நீ என்னைப் பற்றி நல்லதாக ஒன்றை நினைத்துக்கொண்டு போனாய். அதற்கு நான் தகுதியில்லை என்பதோடுதான் நடமாடுகிறேன்.

நேற்று ஒரு மணித்தியாலம் கழித்து மின்சாரம் வந்தது. விட்ட இடத்திலிருந்து பார்த்தேன். முடிந்ததும், ஏதாவது தவறவிட்டேனோ என்று தொடக்கத்திலிருந்து இன்னொரு தரம் பார்த்தேன், பெயர்கள் ஓடி முடியும்வரை. இப்போதெல்லாம் எந்தப் படத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

இந்தப் படத்தில் ஒருவரும் சாகவில்லையடி. விடைத்தாளில் எழுதிய நிமிடத்தை வெட்டிவிட்டேன். நீ கடைசிவரை பார்க்கலாம்.