நான் விட்ட பங்கு

பதிவு 1
3 மே 2091, காலை 06:10
உப்பூர் கடற்கரை வெப்பக் கண்காணிப்பு நிலையம். எழுதுவது மரகதவல்லி, குளிரூட்டுப் பொறியாளர். வெளியே 46 டிகிரி. இரண்டு கம்ப்ரஸரும் ஓடுகின்றன. உள்ளே ஏழு மனிதர்கள், முந்நூற்று நாற்பது கோழிகள். குளிரில் மூன்றில் ஒரு பங்கு கோழிக்கொட்டகைக்குப் போகிறது.

இன்று முதல் எனக்குக் கறி வேண்டாம் என்று சமையலறைக்குச் சொல்லிவிட்டேன். இந்த வெயிலைச் செய்ததில் நம் தட்டுக்கும் பங்குண்டு. இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. என் ஒரு பங்கு குறைந்தால் அடுத்த முறை சில குஞ்சுகள் குறைவாகப் பொரிக்கலாம். அவ்வளவுதான் கணக்கு.

பதிவு 2
11 மே, பகல் 12:30
வெளியே 48. குஞ்சு பொரிப்பு குறையவில்லை. ஏன் என்று இன்டர்காமில் கேட்டேன். நிலையத் தலைவர் வில்வநாதன் பதில்:
"நீங்க விட்டதை மத்தவங்க பங்கு போட்டுக்கிட்டாங்க. வீணாக்க முடியுமா?"
பின்னால் சமையல்காரி டெய்சியின் குரல்:
"சாமியாரம்மா கேக்குறாங்களா? தட்டை மறைச்சு வைங்கப்பா."
சிரிப்பு. ஆறு பேருடைய சிரிப்பையும் எண்ணினேன்.

பதிவு 3
17 மே, காலை 09:05
முதல் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. பேரிங் தேய்ந்து பொடியாகிவிட்டது. மாற்று இல்லை. மீதமிருப்பது ஒன்று. அது ஏழு பேருக்குப் போதும். கொட்டகைக்கும் சேர்த்துத் தாங்காது. கோழிகளை விட்டுவிடலாம், அரிசியும் பருப்பும் நான்கு மாதத்துக்கு இருக்கிறது என்றேன்.
டெய்சி:
"பருப்பைத் தின்னுட்டு நீ கிட. எங்களை ஏன் இழுக்குற?"
தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: "உணவுப் பழக்கம் தொடர்பான மனத்தாங்கல்களை நிலையத்துக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளவும்."
மனத்தாங்கலாம். தூ.

பதிவு 4
20 மே, பகல் 13:15
வெளியே 51. மற்ற ஆறு பேரும் இருக்கும் மாடியில் 37, ஏறிக்கொண்டே போகிறது. இரண்டாம் கம்ப்ரஸர் முனகுகிறது. ஒரு மணி நேரத்தில் இதுவும் போய்விடும். போனால் மாலைக்குள் ஏழு பேரும் காலி. கீழே இயந்திர அறையில் நான் மட்டும்.
கொட்டகைக்குக் குளிர் போகும் குழாயின் வால்வை மூடினேன். அவர்களைக் காப்பாற்றத்தான் மூடினேன் என்று எழுத ஆசை. கோபமும் இருந்தது. எழுதிவைக்கிறேன்.

பதிவு 5
20 மே, 14:20
மாடியில் 29. கம்ப்ரஸர் சீராக ஓடுகிறது. இன்டர்காமில் வில்வநாதன்:
"கோழி முழுக்க செத்துக் கிடக்கு. யாரைக் கேட்டு மூடுனே?"
"சார், மேல குளிருதா இல்லையா?"
"உன் அறைக்கு வர்ற குளிர்க்குழாயை மேலேருந்தே மூடிட்டேன். கதவையும் பூட்டியாச்சு. அங்கேயே கிட."

பதிவு 6
20 மே, 15:40
இங்கே 54. தண்ணீர் தீர்ந்தது. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. மெஷினை நிறுத்தினால் மாடியில் ஆறு பேரும் என்னோடு வருவார்கள். சுவிட்ச் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான். நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

16:05
மாடியில் 25. செத்ததை வீணாக்கவில்லை போலிருக்கிறது. காற்றுக்குழாய் வழியாக வாசனை இறங்குகிறது. மிளகு, வெங்காயம், எண்ணெயில் கோழி. யாரோ பாடுகிறார்கள்

உடம்பில் வியர்வைகூட இல்லை. நாக்கு காய்ந்து
ஆனாலும் எச்சில் ஊறுகிறது. எனக்கு. ஊறுகிற