மாஸ்டர் வரைந்த நன்றிப் படம்

பியேத்ராமாரா
நவம்பர் 4

அன்புள்ள ஜெரோலமோவுக்கு,

நீ கடலில் மூழ்கிப்போகப் பார்த்ததை என்னிடம் மறைத்தாய். பிழைத்ததற்காக மாதா கோயிலுக்குக் கொடுக்கும் நன்றிப் படத்தை, அப்பன் நான் தூரிகையோடு உயிரோடிருக்கும்போது, வேறொருவனிடம் சொல்லி வரையவைத்தாய். இரண்டும் தவறு, இரண்டாவது பெரிய தவறு. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். மெல்போர்னில் நீயும் ஒர்னெல்லாவும் சுகமா என்று கேட்பது வழக்கம், ஆனால் நீ சுகம் என்று எழுதினால் அதை நான் நம்ப வேண்டுமே, அதனால் இந்த முறை கேட்கவில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிப்பாய். போன வியாழக்கிழமை பங்குச்சாமி வாசலில் வந்து நின்று, "ஆம்பேலியோ அண்ணே, புதுசா ஒரு படம் வந்திருக்கு, சுத்தியலோட வாங்க, உங்கள விட்டா நேரா ஆணி அடிக்க இந்த ஊர்ல ஆளில்ல" என்று கூப்பிட்டார். போனேன். பக்கப் பீடத்தின் இருட்டுச் சுவரில் மாட்டச் சொல்லி நீ எழுதியிருந்தாயாம். யார் கண்ணிலும் படக்கூடாது என்று யோசித்தவன், யார் மாட்டுவார் என்று யோசிக்கவில்லை. காகிதத்தைப் பிரித்தால் கீழே உன் பெயர், ஆகஸ்ட் பதினொன்று, அருள் பெற்றதற்கு நன்றி. எனக்கு எதுவும் தெரியாது என்பது சாமிக்குத் தெரியாது. "புள்ள பிழைச்சு வந்த படத்த நீங்களே வரையாம காஸ்தெல்வெந்தோ மாஸ்டர்கிட்ட எதுக்கண்ணே குடுத்தீங்க, கண்ணு மங்கிடுச்சா?" என்று சிரித்தார். அந்தச் சுவர்களில் நான் வரைந்தவை முப்பத்தொன்று இருக்கின்றன, கசாப்புக்கடை பியெரோ மோட்டார் சைக்கிளோடு ஆற்றில் விழுந்தது வரைக்கும். கப்பலின் இயந்திர அறையில் எண்ணெய்த் துணி பிடித்த கை, எந்தப் பள்ளிக்கும் போகாத கை, ஆனாலும் இந்த ஊரில் பிழைத்தவர்கள் அத்தனை பேரும் என்னிடம்தான் வந்தார்கள், நீ ஒருவன் தவிர. ஆணி அடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அம்மா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தாமல், "தெரியும். உங்ககிட்ட சொன்னா அந்தக் கயாக் படக வாடகைக்கு விட்டவன் கழுத்தப் பிடிச்சிருப்பீங்க, அப்புறம் லீவு முடியிற வரைக்கும் புள்ளைய குளிக்கிற தொட்டியிலகூட இறங்க விட்டிருக்க மாட்டீங்க" என்றாள். அது உண்மைதான், அதற்காக இந்த வீட்டில் நான் ஒருவன் மட்டும் ஒன்றும் தெரியாமல் மூன்று மாதம் சாப்பிட்டுத் தூங்கி எழ வேண்டுமா? அந்த ஆகஸ்ட் பதினொன்று இரவு இங்கே சாப்பிட வந்தாய். தலை ஈரமாக இருந்தது. நெத்திலி இரண்டு தட்டு சாப்பிட்டாய். "நீந்தப் போனோம்ப்பா, தண்ணி ரொம்ப நல்லாருந்துச்சு" என்றாய். நான் உனக்கு இன்னும் கொஞ்சம் வைன் ஊற்றினேன்.

நீ லீவுக்கு வந்த பதினாலு நாளில் ஒன்பது நாள் காஸ்தெல்வெந்தோவில் சம்பந்தியம்மா வீட்டில் இருந்தாய். மலைப்பாதையில் நடந்தீர்கள், கயாக் ஓட்டினீர்கள், அதையெல்லாம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் துறைமுகத்தில் குடை விரித்து, லீவுக்கு வருகிறவர்களுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் அந்தத் துரீன் நகரத்துக்காரனிடம் போய் உட்கார்ந்திருக்கிறாய், அவனை மாஸ்டர் என்று கூப்பிட்டிருக்கிறாய். சின்ன வயதில் என் தூரிகையை ஒரு நாளாவது கழுவிக் கொடுத்திருக்கிறாயா? நாற்றத்தில் தலை வலிக்கிறது என்று ஓடுவாய்.

நேற்று மறுபடி போய் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கயாக் சுரைக்காய் போல இருக்கிறது. மாதாவை மேகத்தில் தெருவிளக்கு மாதிரி மாட்டியிருக்கிறான். அலை மலைப் பக்கத்திலிருந்து வருகிறது. அன்று அடித்தது தென்மேற்குக் காற்று, எனக்கு நன்றாகத் தெரியும், மதியம் ஜன்னல் படபடவென்று அடிக்கிறதே என்று சாத்திவிட்டுப் படுத்தது நான்தான். நீ தண்ணீரில் கிடந்த நேரம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. இதைச் சொல்லாமல் இருந்தால் நான் நேர்மையற்றவன், அதனால் சொல்கிறேன்: தண்ணீரை அவன் நன்றாக வரைந்திருக்கிறான். பாறையடியில் பச்சை கறுப்பாக மாறுகிற இடம் முப்பத்தொன்றில் ஒன்றிலும் எனக்கு அப்படி வரவில்லை. அரைமணி நேரம் நின்று பார்த்தேன். கரையில் ஒர்னெல்லா கைகூப்பி நிற்கிறாள். சம்பந்தியம்மா துண்டோடு நிற்கிறாள், உன் தலையைத் துவட்டியதும் அவள்தானாம். அவளுடைய நாய்கூட நிற்கிறது. உன் அம்மா இல்லை. நான் இல்லை. நாய் இருக்கிறது, ஜெரோலமோ.

தண்ணீருக்குள் நீ வேண்டிக்கொண்டது நம் ஊர் மாதாவிடம் என்று சாமி சொன்னார். அந்த மட்டுக்காவது உனக்குப் புத்தி இருந்திருக்கிறது.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், இதில் பேரம் இல்லை. நீ உடனே எனக்கு எழுத வேண்டும்: எந்தப் பாறை, எந்தப் பக்கம் கவிழ்ந்தது, தலை எத்தனை நேரம் உள்ளே இருந்தது, உன்னை இழுத்துப் போட்ட படகு யாருடையது, அதற்கு என்ன நிறம். எதையும் குறைத்து எழுதாதே. நீ போட்டிருந்த சட்டையின் நிறத்தை ஒர்னெல்லா எழுத வேண்டும், மருமகள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அன்று சாப்பாட்டு மேசையில் அவள் முகத்தைக் கொஞ்சம்கூட மாற்றாமல் இருந்ததை மறக்க மாட்டேன் என்று சொல். மாஸ்டரின் படத்தைச் சம்பந்தியம்மா எடுத்துப்போய்த் தன் கூடத்தில் மாட்டிக்கொள்ளலாம். பங்குச்சாமி ஆகஸ்ட் வரை சுவரைக் காலியாக வைப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டார், அதுவும் இருட்டில் அல்ல, வாசலுக்கு நேரே. உன் அம்மா வடக்கு அறையை எனக்கு ஒழித்துத் தர வேண்டும், பீன்ஸ் மூட்டைகளையும் சேர்த்து. வரைவது நான். கயாக் வரைந்து பழக்கமில்லை, பதினொரு தாள் கிழித்துவிட்டேன், மார்ச்சுக்குள் வந்துவிடும். கரையில் யார் யார் நிற்பது என்பதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும், ஒருமுறை செய்தது போல இன்னும் பல முறை. தண்ணீர்ப் பக்கம் போனால் மிதவைச் சட்டை போடு. ஆகஸ்ட் திருவிழாவுக்கு டிக்கெட்டை இப்போதே எடு. அந்தப் படத்தை நீயே ஏணியில் ஏறி உன் கையால் மாட்ட வேண்டும். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆம்பேலியோ