தேடப் போன விமானம்

திங்கள், நவ. 3
காலையிலிருந்து மூடுபனி. எதிரிலிருந்த தேயிலைக் குன்று இல்லை. லயத்துக் குழாயில் தண்ணீரும் இல்லை. காட்டு ஓடையில் பைப்பு வாயை இலை அடைத்திருக்கும் என்று சித்தப்பா தனியாகப் போயிருக்கிறார்.

ஆய்வேடு, மூன்றாம் இயல். துருவத்துக்குப் பறந்த முதல் விமானிகள். எஞ்சின் எண்ணெய் குளிரில் இறுகிவிடும். அடுப்பில் காய்ச்சி, ஆறுவதற்குள் ஓடிப்போய் ஊற்றுவார்கள். அம்மாவிடம் சொன்னேன்.
"நம்ம தேங்கா எண்ண மாதிரியா? இதுக்காடி யுனிவர்சிட்டி?"

மாலை. சித்தப்பா வரவில்லை. போனும் இல்லை.

செவ்வாய், நவ. 4
தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். மதியம் பனி இறங்கியதும் தேடலை நிறுத்தினார்கள். தனியாக யாரும் ஏறக் கூடாதாம்.

செல்வம் அண்ணன் திரிங்காப் ஊரில் நண்பனிடம் ட்ரோன் வாங்கி வந்தான். இருவரும் திரையையே பார்த்தோம். வெள்ளை. ஏறுகிறதா, இறங்குகிறதா, தெரியவில்லை. துருவ விமானிகளுக்கும் இதுதான். கீழே பனி, மேலே மேகம், நடுவே அடிவானக் கோடு இல்லை.
"பேட்டரி போவுது லா!"
ட்ரோன் திரும்பவில்லை.

அண்ணன் பூட்ஸ் மாட்டினான். "பைப்ப புடிச்சிக்கிட்டே போனா வழி தவறாது. படிச்சி படிச்சி ஒனக்கு எல்லாத்துக்கும் பயம்."
போகாதே என்றேன். ஒரே ஒரு முறை.

புதன், நவ. 5
சித்தப்பா வந்துவிட்டார்! தானாக, தேயிலைக்கு நடுவே நடந்து. கால் முழுக்க அட்டைக்கடி. வந்ததும் காப்பி கேட்டார்.
அம்மா: "செல்வம் எங்க?"
"அவன் எதுக்கு வந்தான்? நான் பாக்கலியே அண்ணி."
பிறகு மெதுவாக: "யாரோ விசில் அடிச்சிக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பக்கமே நடந்தேன், வெளிய வந்துட்டேன். அவன்தானோ?"

அண்ணனுக்கு விசில் அடிக்க வராது. வெறும் காற்றுதான் வரும்.

வேறு வேலை ஓடவில்லை. புத்தகத்தைத் திறந்தேன். துருவப் பனியில் விழுந்த வான்கப்பலைத் தேடி ஒரு விமானம் கிளம்பியது. விழுந்தவர்களில் பலர் பிழைத்தார்கள். தேடப் போன விமானம் வரவில்லை. அதன் மிதவை ஒன்று மட்டும் கடலில் கிடைத்தது. பிறகு அந்த விமானத்தைத் தேடிக் கப்பல்கள்.
மூடிவிட்டேன். இன்று படித்திருக்கக் கூடாது.

வியாழன், நவ. 6
பனி. அண்ணன் இல்லை. தேடுபவர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம். ஒலிபெருக்கியில் அவன் பெயர் தூரத்தில் கேட்கிறது.

அப்பா கிளம்பப் பார்க்கிறார். பேச்சு எடுபடவில்லை. அவருடைய பூட்ஸை என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.
"எங்கடி என் பூட்சு?"
"தெரியலப்பா."

இப்போது வாசலில், வெறுங்காலோடு. ஃபேக்டரி இரைச்சலில் பாதி போன காது. கையை அதன் பின்னால் குவித்து நிற்கிறார்.

விசில். இந்தப் பக்கம், காட்டோரம். நீளமாக ஒன்று. நிறுத்தி, இன்னொன்று.

சித்தப்பாவை வெளியே கொண்டுவந்ததும் இதுதான். அண்ணனை உள்ளே கொண்டுபோனதும் இதுவோ?

அப்பா திரும்பினார். "ஏதாச்சும் கேட்டிச்சாம்மா?"
"இல்லப்பா."
என் முகத்தையே பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

எழுதும்போதும் கேட்கிறது. கொஞ்சம் கிட்டத்தில்.