மூச்சைக் கவனி என்றேன்

என்மேல் கோபித்துக்கொள்ளக்கூட இனி வழியில்லாத அண்ணா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. செம்பாக்கம் ஏரியை இந்த வருடமும் ஆகாயத்தாமரை மூடிவிட்டது. நீ நடந்த கரையில் இப்போது நான் நடக்கிறேன்.

இறையியல் கல்லூரியில் எபிரேயம் நடத்திய நீ, இங்கே தினமும் வாய்விட்டுப் பேசிக்கொண்டே போவாய். எனக்கு மானம் போகும். டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இன்னா சார், தனியா பேசிக்கினே போறீங்க?"

"கடவுளோட சண்டைப்பா."

"யாரு சார் ஜெயிச்சது?"

"இன்னும் முடியல."

யூதர்களின் தியானத்தில் இப்படியும் ஒரு வழி உண்டு என்பாய். தனியிடம் தேடிப் போய், தாய்மொழியில், குறைகள் உட்பட எல்லாவற்றையும் கடவுளிடம் கொட்டிவிடுவது. அவர்கள் வேதத்தில் தியானத்துக்கு வரும் சொல்லே முணுமுணுப்பதைத்தான் குறிக்கிறது. திருநீர்மலையில் நாமம் ஜபிப்பவரும் அதைத்தானே செய்கிறார் என்பாய். இரும்புலியூர் தியான வகுப்பில் நான் கற்றது வேறு. கண்ணை மூடு, மூச்சைக் கவனி, எண்ணம் வந்தால் பின்னால் போகாதே.

"மூச்சைப் பாத்துட்டே இருந்தா போதுமா? யார்கிட்டடா பேசுவே?" என்று சீண்டுவாய்.

"பேசினா மட்டும் உனக்குப் பதில் வருதா?"

என்னால் விட முடியாத எண்ணம் ஒன்றுதான். சபை நடத்தும் பள்ளியில் தலைமையாசிரியர் பதவிக்கு என் பெயர் வந்த அன்று கமிட்டியில் நீயும் இருந்தாய். கடவுளிடம் அவ்வளவு வாதாடியவன், தம்பிக்காக வாய் திறக்கவில்லை. பதவி வேறொருவருக்குப் போனது. பதினோரு வருடம் கண்ணை மூடும்போதெல்லாம் உன் முகத்தைத்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள், ஆக்சிஜன் மாஸ்க்கை நீயே விலக்கினாய்.

"தம்பி, அந்த கமிட்டி விஷயம்..."

"பேசாதே அண்ணா. மூச்சைக் கவனி." மாஸ்க்கைத் திரும்ப மாட்டினேன்.

"பேச விடுங்க தம்பி அவரை," என்று அண்ணி அழுதார். நான் விடவில்லை. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உனக்கு மூச்சு முட்டுமே என்ற பயமா, உன் விளக்கம் எனக்குத் தேவையில்லை என்ற வன்மமா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பை விட்டுவிட்டேன். இப்போது கரையில் உன்னோடு சண்டை போடுகிறேன், வாய்விட்டு. நேற்று டீக்கடைக்காரர், "போன்ல யாரு சார்?" என்றார். "அண்ணன்," என்றேன். உன் அடக்கத்துக்கு வந்தவர் அவர். டீயை நீட்டினார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஒன்று மட்டும் செய்வேன். தினமும் பாதிக் கரைவரை நான் பேசுவேன். மீதிப் பாதி, நீ முடிக்காத அந்தப் பேச்சுக்காக, வாயை மூடிக்கொண்டு நடப்பேன்.

உன்னைப் பேச விடாத
உன் தம்பி