மாட்டுங்கா போகும் வழியில் தண்ணீர்

ஜூலை 2, வியாழன்

காலை வானிலை அறிக்கை: நகரிலும் புறநகரிலும் மிதமானது முதல் கனமழை. கடலேற்றம் மதியம் 1.34, நாலரை மீட்டர். ஆத்துக்காரருக்கு டயாலிசிஸ் பதினொன்றிலிருந்து மூன்று வரை. செவ்வாய், வியாழன், சனி. இந்த வாரம் கடல் சரியாக எங்கள் நேரத்தின் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. கடல் ஏறியிருக்கும்போது மழை கொட்டினால் சாக்கடைத் தண்ணீர் போக இடமில்லாமல் ரோட்டுக்கே திரும்பும். சுனாபட்டியிலிருந்து மாட்டுங்கா சும்மா நாளில் இருபது நிமிஷம். ஆனால் நடுவில் கிங்ஸ் சர்க்கிள் பள்ளம் இருக்கிறதே, மழை வந்தால் முதலில் தண்ணீர் நிற்கிற இடம்.

இன்று தப்பித்தோம்.

ஜூலை 4, சனி

அறிக்கையில் மஞ்சள் எச்சரிக்கை. போனோம், வந்தோம்.

ஜூலை 7, செவ்வாய்

மானசா புனேயிலிருந்து போன் செய்தாள். "அம்மா, அந்த மழை அறிக்கையையே பார்த்துண்டிருந்தா உனக்கு பி.பி.தான் ஏறும்." அப்பாவும்தான் பார்க்கிறார் என்றேன். உண்மைதான். நான் அறிக்கையைத் திறந்தவுடன் "என்ன கலர்?" என்று கேட்டுவிடுவார். பயப்படுவதற்குத் துணைக்கு ஒரு ஆள் இருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஜூலை 13, திங்கள்

நாளை ஆரஞ்சு. புதனும் வியாழனும் சிவப்பு. வியாழன் கடலேற்றம் 1.26, 4.8 மீட்டர். இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன், குறையவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

டாக்சி கீழே வந்து நின்றது. அவர் சட்டையே போடவில்லை.

"ஆரஞ்சுன்னு நீதானே சொன்னே? நடுவழியில மாட்டிண்டா என்ன பண்ணுவே? ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது, ராஜி."

எனக்கும் பயம். டாக்சியைத் திருப்பி அனுப்பினேன்.

மதியம் இரண்டு மணிக்கு வெயில் அடித்தது. பால்கனியில் துணி காய்ந்தது. என்ன காரியம் செய்தேன்?

ஜூலை 15, புதன்

கால் வீங்கிவிட்டது. விரலால் அமுக்கினால் குழி. படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணை மூன்று வைத்தாயிற்று. டயாலிசிஸ் சென்டருக்குப் போன் செய்தேன். ஷமீமா எடுத்தாள். மிஷின் பார்க்கிற சிஸ்டர், தாராவிக்காரி, சொந்த ஊர் கடையநல்லூர்.

"இன்னைக்கு ஒரு மிஷினும் காலி இல்ல மாமி, எல்லாரும் பயந்து இன்னைக்கே வந்துட்டாவ. நாளைக்கு ஆறு மணிக்கே வந்துருங்க, தண்ணி ஏறுததுக்கு முன்ன. நான் வீட்டுக்குப் போவல, இங்கனயே படுத்துக்கிடுதேன். மூச்சு ரொம்ப முட்டுச்சுன்னா காத்திருக்காதிய, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிருங்க."

வெளியே கொட்டுகிறது. ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 17, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். கடல் ஏறுவதற்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் பெய்த மழையே போதுமாக இருந்தது. சயான் தாண்டி, கிங்ஸ் சர்க்கிளுக்கு முன்னால் டாக்சிக்காரர் நிறுத்திவிட்டார். "ஆகே நஹி ஜாயேகா, மாஜி." இதற்கு மேல் வண்டி போகாதாம். பாக்கி அரை கிலோமீட்டர்தான். இவரால் பத்தடி நடக்க முடியாது. ஷமீமாவைக் கூப்பிட்டேன்.

கால் மணியில் வந்தாள். சல்வாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சக்கர நாற்காலியைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு. கூட சென்டர் வாட்ச்மேன். "மாமா, பயப்படாதிய. கால மட்டும் மேல தூக்கிக்கிடுங்க." இரண்டு பேரும் தள்ளினார்கள். நான் குடையோடு பக்கத்தில் நடந்தேன்.

நடுத் தண்ணீரில் அவர் என் கையைப் பிடித்தார். மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார். "ராஜி... தினம் கலர் கேட்டேனே... சிவப்பா இருக்கணும்னுதான் கேட்டேன். போக வேண்டாமேன்னு."

குடை அவர் தலைக்கு மேலேதான் இருந்தது, அது மட்டும் ஞாபகம்.

நாலு மணி நேரம். உடம்பிலிருந்து மூன்றேகால் லிட்டர் நீர் எடுத்தார்கள். மதியம் சென்டர் வாசல்படி வரை தண்ணீர். சாயங்காலம் வடிந்த பிறகு வீடு வந்தோம். இப்போது நன்றாகத் தூங்குகிறார்.

மழை வரணும்னு வேண்டிண்டாரா? நான் மீட்டர் மீட்டரா எண்ணிச் செத்துண்டிருந்தேனே, அதே அறிக்கையை வச்சுண்டு! ஒரு வார்த்தை சொல்லப்படாதா? யாருக்காக இத்தனையும் —

ஜூலை 19, ஞாயிறு

சாதம் போடும்போது கேட்டுவிட்டேன். "எல்லாத்தையும் நிறுத்திடணும்னு இருக்கா? இருந்தா நேரே சொல்லுங்கோ. மழை மேல போடாதீங்கோ."

பாதி சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னார்.

"நிறுத்தணும்னு இல்லை. மூணாவது மணி நேரத்துல கால் நரம்பு இழுத்துக்கறது. கத்தணும் போல இருக்கும். பக்கத்துல எல்லாரும் பேசாம படுத்திண்டிருக்கா. நாலு வருஷமா கத்தலை."

எனக்குத் தெரியாது. அந்த மூன்றாவது மணி நேரத்தில் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 21, செவ்வாய்

அவரையே சொல்ல வைத்தேன். ஷமீமாவுக்குக் கோபம். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா மாமா? தண்ணிய மெதுவா எடுத்தா இழுக்காதுல்லா?" டாக்டரிடம் கேட்டு அரை மணி கூட்டியிருக்கிறார்கள். என்னையும் உள்ளே உட்கார விட்டாள். இழுத்தது, ஆனால் குறைவு என்றார். என் மணிக்கட்டில் அவர் விரல் பதிந்த அடையாளம் இருக்கிறது.

ஜூலை 30, வியாழன்

ஆரஞ்சு. போனோம். திரும்பி வர இரண்டு மணி நேரம்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

பளிச்சென்று வெயில். அறிக்கையில் எச்சரிக்கை எதுவும் இல்லை. அரை டம்ளர் காபியைக் குடித்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம், ராஜி. முடியலை" என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

போனை எடுத்தேன். அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"ஷமீமா, அனந்தநாராயணன் பேசறேன்மா. மழையெல்லாம் ஒண்ணுமில்லை. இன்னிக்கு மனசு வரலை. நாளைக்கு வரேன், இடம் இருக்கா?"

நாளை காலை ஏழு மணிக்கு இடம் இருந்தது.

ஆகஸ்ட் 12, புதன்

ஆறரைக்கு நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்குவதற்குள், டாக்சியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.