அம்மாவின் நம்பாத முகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

எனக்கு புரோகிராம் எழுதச் சொல்லித்தரும் சீனியர் அக்கா, தொட்டதற்கெல்லாம் நான் ஓடிப்போய் நின்றதில் நொந்துபோய்விட்டார். "முதல்ல ஒரு பொம்மையை மேசைல வச்சு, அதுக்கு உன் புரோகிராமை வரிவரியா விளக்கு. அப்பவும் புரியலைன்னா என்கிட்ட வா" என்றார்.

பொம்மைக்கு எங்கே போவேன்? உன் போட்டோவை வைத்தேன். "இந்த வரி சரியாத்தான்மா இருக்கு" என்று சொல்லி நிமிர்ந்தால், நீ நம்பாமல் பார்க்கிறாய். அந்த வரியை மறுபடி பார்த்தால், தப்பு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது!

"இனிமே நீ கத்துக்குட்டி இல்ல" என்று அக்காவே சொல்லிவிட்டார். நேற்று அவருக்கே ஒரு சிக்கல். என் மேசைக்கு வந்து, உன் முன்னால் கைகட்டி நின்று விளக்கினார். அப்புறம் உன்னைத் தன் மேசைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். திருப்பித் தருகிற மாதிரி தெரியவில்லை.

அதனால் இன்னொரு போட்டோ அனுப்பு. சிரிக்கிற படம் வேண்டாம். "வயிறு நிறையச் சாப்பிட்டேன்" என்று நான் சொன்னதும் ஒரு முகம் காட்டுவாயே, அதுதான் வேண்டும். வேலைக்குத்தான், வேறொன்றுமில்லை.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டேன்.

உன் மகன்